நிரந்தர முகவரி

போன வருஷம் ஒரே மாதத்தில் நானும் என் பெரியப்பா மகளும் இடம் மாறினோம். அக்கா ஜெர்மனியிலிருந்து நெதர்லாந்துக்கு. நான் மொனராகலைப் பக்கத்து றப்பர் தோட்டமொன்றிலிருந்து கொழும்புக்கு. அக்கா கடந்தது ஒரு நாட்டின் எல்லை. நான் ஏறியது வெல்லவாய, பெரகல, பலாங்கொடை, இரத்தினபுரி என்று போகும் ஒரு ராத்திரி பஸ். யாருக்கு வேலை சீக்கிரம் முடிந்திருக்கும் என்று நினைக்கிறீங்க?

அக்காவுக்குத்தான். ரெண்டு வாரத்தில் எல்லாம் முடிந்துவிட்டது. எனக்கு இன்னும் முடியவில்லை.

இதை ஐரோப்பாவின் பெருமை பாடுவதற்காக எழுதவில்லை. எங்கள் தோட்டத்திலிருந்தும், பசறை, லுணுகலை, மடுல்சீமைப் பக்கமிருந்தும் இப்போது நிறையப் பேர் வெளியே வருகிறார்கள். பெட்டி கட்டுவது எப்படி, ரூம் பிடிப்பது எப்படி என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்கிறோம். கடதாசி விஷயத்தை யாரும் சொல்வதில்லை. எனக்கும் யாரும் சொல்லவில்லை.

முதலில் அக்காவின் கதை. பெரியப்பா 1977 கலவரத்துக்குப் பிறகு தோட்டத்தை விட்டு வவுனியாப் பக்கம் போனவர். அங்கேயே கல்யாணம் முடித்து, எண்பதுகளின் நடுவில் ஜெர்மனிக்குப் போய் அகதியாகப் பதிந்தார். அதனால் அக்காவின் தமிழ் பாதி வவுனியா, கால்வாசி எங்கள் லயத்துப் பேச்சு, மிச்சம் ஜெர்மன். அவர் ஒரு தாதி. நெதர்லாந்தில் நைமேகன் நகரத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்தது. ஜெர்மன் எல்லைக்கு ரொம்பக் கிட்டத்தில் இருக்கும் ஊர். ஒரு வருஷமாக டச்சு மொழி படித்துக்கொண்டிருந்தார்.

கிளம்புமுன் செய்ய வேண்டிய வேலைகளை ஒரு பட்டியலாக எழுதி, வாட்ஸ்அப்பில் எனக்கும் படம் எடுத்து அனுப்பினார். "உன்ர லிஸ்டையும் அனுப்பு, பாப்பம்" என்று கீழே ஒரு வரி.

அவருடைய பட்டியலைச் சுருக்கமாகச் சொல்கிறேன். அங்கே பிள்ளைகளோடு இருக்கும் வாசகர்களுக்கும் உதவும்.

ஐரோப்பிய ஒன்றியத்தில் 27 நாடுகள். 1992இல் மாஸ்ட்ரிக்ட்டில் கையெழுத்தான ஒப்பந்தம், அடுத்த வருஷம் நவம்பரில் நடைமுறைக்கு வந்தபோது, 'ஒன்றியக் குடியுரிமை' என்ற ஒன்று பிறந்தது. ஒரு நாட்டின் குடிமகன் எல்லா நாடுகளிலும் போய் வாழலாம். இதற்கான விதிகள் 2004ஆம் ஆண்டின் ஒரு நெறிமுறையில் இருக்கின்றன. முதல் 3 மாதம் அடையாள அட்டையோ கடவுச்சீட்டோ இருந்தால் போதும். ஏன் வந்தாய் என்று காரணம் சொல்ல வேண்டியதில்லை. அதற்கு மேல் இருக்க வேண்டுமென்றால் வேலை, சொந்தத் தொழில், படிப்பு, இல்லாவிட்டால் சொந்தப் பணமும் மருத்துவக் காப்புறுதியும் என்று ஏதாவது ஒன்று வேண்டும். 5 வருஷம் சட்டப்படி தொடர்ந்து வாழ்ந்தால் நிரந்தர வதிவிட உரிமை.

இது பொது விதி. கையில் செய்யும் வேலை நாட்டுக்கு நாடு மாறும். நெதர்லாந்தில் நாலு மாதத்துக்கு மேல் தங்கப் போகிறவர், வந்த 5 நாளுக்குள் நகரசபையில் முகவரியைப் பதிய வேண்டும். அடையாள அட்டை, வாடகை ஒப்பந்தம், பிறப்புப் பத்திரம் ஆகியவற்றைக் கொண்டுபோகணும். பதிந்தால் ஒரு குடிமக்கள் இலக்கம் கொடுப்பார்கள். அந்த இலக்கத்தை வைத்துத்தான் சம்பளம், வரி, வங்கிக் கணக்கு, மருத்துவக் காப்புறுதி எல்லாம். காப்புறுதியை நாலு மாதத்துக்குள் எடுத்துவிட வேண்டும். ஜெர்மனியில் வீட்டை விட்டுப் போய் ரெண்டு வாரத்துக்குள் பழைய பதிவை நீக்க வேண்டும். தாதிப் படிப்பை ஒன்றிய நாடுகள் ஒன்றுக்கொன்று ஏற்றுக்கொள்ளும். ஆனாலும் வேலை செய்யும் நாட்டின் தொழிற்பதிவேட்டில் பேர் ஏற வேண்டும், டச்சு தெரியும் என்று காட்ட வேண்டும். மொழிதான் தனக்குக் கஷ்டமாக இருந்தது என்றார் அக்கா. மிச்சமெல்லாம் வரிசையில் நின்று கையெழுத்துப் போடும் வேலை.

எல்லையில் என்ன இருந்தது என்று கேட்டேன். "நீலப் பலகை ஒண்டு. நட்சத்திரம் வட்டமா இருக்கும், நடுவில நாட்டின்ர பேர். அவ்வளவுதான்."

பெரியப்பா ஜெர்மனிக்குப் போன புதிதில், அகதி விண்ணப்பம் முடிவாகும் வரை, தன்னைப் பதிந்த மாவட்டத்தை விட்டு அனுமதி இல்லாமல் வெளியே போகவே முடியாது. 1982இல் வந்த சட்டம் அப்படி. பக்கத்து ஊரில் இருக்கும் சொந்தக்காரரைப் பார்க்கவும் கடதாசி வாங்கணும். அதே மனிதரின் மகள் பாக்கெட்டில் ஒரு அட்டையை வைத்துக்கொண்டு நாடு மாறுகிறார். இந்த மாற்றம் வர ஒரு தலைமுறைதான் ஆகியிருக்கிறது.

இனி என் பட்டியல்.

கொழும்பில் ஒரு கம்பனியில் கணக்கு உதவியாளர் வேலை. பிறப்பு அத்தாட்சிப் பத்திரம், அடையாள அட்டை, கிராம சேவகரின் வதிவிடச் சான்றிதழ் கேட்டார்கள். கேட்பதற்குச் சின்ன விஷயம். வெள்ளவத்தையில் ஒரு போர்டிங் ரூமில் இருந்தேன். அந்தப் பகுதி கிராம சேவகரிடம் போனால், "உங்க பேர் இங்க வாக்காளர் இடாப்புல இல்லையே" என்றார். உண்மைதான். ஊருக்கு வந்து எங்கள் கிராம சேவகரிடம் போனால், "நீங்க இப்ப இங்க இல்லையே" என்றார். அதுவும் உண்மைதான். இங்கேயும் இல்லை, அங்கேயும் இல்லை. அப்படியென்றால் நான் எங்கேதான் இருக்கிறேன் என்று பஸ்ஸில் உட்கார்ந்து சிரித்தேன். சிரிப்பு பிபிலைச் சந்தி வரைக்கும்கூட நீடிக்கவில்லை.

சரி, கொழும்பில் பதியலாம் என்று போர்டிங் வீட்டு அன்ட்டியிடம் கேட்டேன். அவர் நல்ல மனுஷி, ராத்திரி லேட்டாக வந்தால் சோறு எடுத்து வைப்பார். ஆனால் இடாப்பில் பேர் போடுவது என்றதும் முகம் மாறிவிட்டது. "அதெல்லாம் வேணாம் மகள், பிறகு வீட்டுக்கு உரிமை அது இதுன்னு வரும்."

இதை அக்காவிடம் சொன்னபோது அவர் ஆச்சரியப்படவில்லை. அங்கேயும் அப்படித்தானாம். ரூம் வாடகை விளம்பரங்களில் 'பதிய முடியாது' என்று எழுதியே போடுகிறார்களாம். வாடகை குறைவாக இருக்கும், ஆனால் அந்த முகவரியை நகரசபையில் கொடுக்கக் கூடாது. கொடுக்காவிட்டால் இலக்கம் கிடைப்பது கஷ்டம், இலக்கம் இல்லாவிட்டால் எதுவும் நகராது. அப்படிப்பட்ட மூன்று ரூம்களை விட்டுவிட்டு, கூட வாடகை கொடுத்து நாலாவதை எடுத்தார். "நான் அந்தக் காசைக் குடுத்தது ரூமுக்கில்லை, அட்ரஸுக்கு."

அந்த வார்த்தை என் மனதில் நின்றுவிட்டது. எங்கள் லயத்துக்கு அட்ரஸ் கிடையாது. தோட்டத்தின் பேர், டிவிஷன், மொனராகலை. அவ்வளவுதான். ஒரே டிவிஷனில் ஒரே பேரில் எத்தனையோ பேர். கடிதம் தோட்டத்து ஆபீசுக்கு வரும். அங்கேயிருந்து பிரட்டுக்கு வருகிற யார் கையிலாவது கொடுத்துவிடுவார்கள். 2022இல் ஒரு அரசாங்க வேலைக்கான நேர்முகப் பரீட்சைக் கடிதம் எனக்கு வந்தது. கவரில் இருந்த தபால் முத்திரையைப் பார்த்தால் ஊருக்கு நேரத்தோடு வந்திருக்கிறது. என் கைக்கு வந்தது நேர்முகம் முடிந்து மூன்றாம் நாள். யாரும் வேண்டுமென்று செய்யவில்லை. யாரோ ஒருவர் சட்டைப் பையில் வைத்து மறந்துபோனார். ஆனால் வீட்டுக்கென்று ஒரு நம்பரும் கதவில் ஒரு தபால் பெட்டியும் இருந்திருந்தால் நான் இப்போது வேறெங்காவது இருந்திருப்பேன்.

அடையாள அட்டை எடுப்பதிலும் இதே கதைதான். ஊரில் இருப்பவருக்குக் கிராம சேவகர் அத்தாட்சிப்படுத்துவார், மாணவருக்குப் பாடசாலை அதிபர். தோட்டத்தில் இருப்பவருக்குத் தோட்ட அதிகாரி. அதாவது, நீ இன்னார்தான், இங்கேதான் இருக்கிறாய் என்று நாட்டுக்குச் சொல்பவர் உன்னுடைய முதலாளி. என் அம்மாவுக்கு சம்பளம் போடுபவரும், இருக்கும் காம்பராவுக்குச் சொந்தக்காரரும், அம்மா யார் என்று சொல்பவரும் ஒரே தொரைதான்.

இது நேற்று வந்த பழக்கம் இல்லை. தோட்டங்களில் முன்பு 'துண்டு' என்று ஒன்று இருந்தது. ஒரு தொழிலாளி ஒரு தோட்டத்தை விட்டு இன்னொரு தோட்டத்துக்குப் போகணும் என்றால் பழைய தோட்டம் ஒரு சீட்டு எழுதிக் கொடுக்கும். இவருக்கு இவ்வளவு கடன், அதைக் கட்டினால் விட்டுவிடுகிறோம் என்று அதில் இருக்கும். துண்டு இல்லாமல் போனவரை வேறு தோட்டம் எடுக்காது. 1921இல் சட்டம் போட்டு அதை ஒழித்தார்கள். எங்கள் ஆட்களின் முதல் 'பயண ஆவணம்' அது.

அதற்குப் பிறகு 1948. குடியுரிமைச் சட்டம் வந்து லட்சக்கணக்கான தோட்ட மக்களை நாடற்றவர்களாக்கியது. 1964இல் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 பேரை எண்ணிப் பங்கு போட்டது: 5,25,000 இந்தியாவுக்கு, 3,00,000 இலங்கைக்கு, மிச்சம் ஒன்றரை லட்சம் பிறகு பார்ப்போம் என்று. 1974இல் அந்த மிச்சத்தையும் பாதிப் பாதியாகப் பிரித்தார்கள். தாத்தாவின் தம்பி நீலகிரிப் பக்கம் போனார். தாத்தா எந்தக் கணக்கிலும் சேராமல் நின்றார்.

தாத்தாவின் பழைய அடையாள அட்டையை அம்மா பிஸ்கட் டின்னில் வைத்திருக்கிறார். ஒன்பது இலக்கம், கடைசியில் ஓர் எழுத்து. பக்கத்து ஊர்க்காரர்களின் அட்டையில் 'வீ' இருக்கும், வாக்குரிமை உள்ளவர். தாத்தாவின் அட்டையில் 'எக்ஸ்'. சின்ன வயதில் அதைப் பார்த்து, தாத்தா ஏதோ கணக்கைப் பிழையாகச் செய்துவிட்டார் என்று நினைத்தேன்.

இலங்கையின் 1978 அரசியலமைப்பில் 14ஆம் உறுப்புரை இருக்கிறது. நாட்டுக்குள் எங்கும் போகவும் விரும்பிய இடத்தில் வசிக்கவும் உரிமை உண்டு என்று அதில் எழுதியிருக்கிறது. ஆனால் அந்த உரிமை 'ஒவ்வொரு பிரசைக்கும்'. அதன் இரண்டாம் பந்தியைக் கொழும்பு வந்த பிறகுதான் முதல் தடவை படித்தேன். எந்த நாட்டுப் பிரசையாகவும் இல்லாமல், இங்கே நிரந்தரமாகச் சட்டப்படி வசிப்பவருக்கும் இந்த உரிமைகள் உண்டு, ஆனால் 10 வருஷத்துக்கு மட்டும். வாசித்துவிட்டுக் கொஞ்ச நேரம் போனைக் கீழே வைத்துவிட்டேன். தாத்தாவுக்கு நடமாடும் உரிமையை முடிவுத் திகதி போட்டுக் கொடுத்திருக்கிறார்கள், பால்மா பைக்கெட்டில் போடுவது மாதிரி. அந்தப் பத்து வருஷம் 1988இல் முடிந்தது. அதே வருஷம் வந்த சட்டத்தின் கீழ்தான் சத்தியக் கடதாசி கொடுத்துத் தாத்தா பிரசையானார். 2003இல் இன்னொரு சட்டமும் வந்து, விடுபட்டவர்களையும் சேர்த்துக்கொண்டது.

ஆக நான் முழுப் பிரசை. அந்த உரிமை எனக்கு முடிவுத் திகதி இல்லாமல் இருக்கிறது. ஆனால் சட்டத்தில் இருப்பதும் வாசலில் நடப்பதும் ஒன்றில்லை. 2007 ஜூன் 7ஆம் திகதி கொழும்பு லொட்ஜ்களில் தங்கியிருந்த 300க்கும் மேற்பட்ட தமிழர்களைப் பொலிஸ் பஸ்களில் ஏற்றி நகரத்தை விட்டு அனுப்பியது. தகுந்த காரணம் இல்லாமல் தங்கியிருக்கிறார்கள் என்று சொன்னார்கள். அடுத்த நாளே உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை போட்டது. அவர்கள் எல்லோரும் தங்கள் சொந்த நாட்டின் தலைநகரத்தில் இருந்தவர்கள். அக்காவுக்கோ இன்னொரு நாட்டில் முதல் மூன்று மாதத்துக்குக் காரணமே கேட்கக் கூடாது என்று விதி.

இப்படி எழுதும்போது அங்கே எல்லாம் தேனும் பாலும் என்று தோன்றலாம். இல்லை. 2010இல் பிரான்ஸ், ருமேனியாவிலிருந்தும் பல்கேரியாவிலிருந்தும் வந்த ரோமா மக்களின் குடிசைகளை உடைத்து, விமானம் ஏற்றி அனுப்பியது. அவர்களும் ஒன்றியக் குடிமக்கள்தான். அக்கா இருக்கும் நெதர்லாந்தில் போலந்து, ருமேனியா ஆட்கள் பண்டகசாலைகளிலும் கண்ணாடித் தோட்டங்களிலும் வேலை செய்கிறார்கள். பலருக்கு வேலை கொடுக்கும் ஏஜென்சியே படுக்க இடமும் கொடுக்கும். வேலை போனால் அன்றைக்கே இடமும் போகும். கொரோனாக் காலத்தில் இது பெரிய பிரச்சினையானது. எமில் ரூமர் என்பவர் தலைமையில் அரசாங்கம் அமைத்த குழு 2020இல், வேலை ஒப்பந்தத்தையும் வீட்டு ஒப்பந்தத்தையும் பிரிக்க வேண்டும் என்று சொன்னது. 2023 ஜூலையில் வந்த வாடகைச் சட்டம், வீட்டு ஒப்பந்தத்தை வேலை ஒப்பந்தத்திலிருந்து தனியாக எழுத வேண்டும் என்று கட்டாயப்படுத்தியது.

அக்கா இதைப் போனில் விளக்கிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் இருந்த அம்மா, "அது நம்ம லயந்தானே?" என்று கேட்டார்.

ஆமாம். நம்ம லயந்தான். ஐரோப்பியக் கடவுச்சீட்டு கையில் இருந்தாலும், படுக்கும் இடம் முதலாளியுடையது என்றால் அந்தச் சுதந்திரம் பாதிதான். எனக்கு இதில் புரிந்தது ஒன்றுதான். ஒருவர் இடம் மாறுவதற்கு முதலில் வேண்டியது விசா இல்லை, டிக்கட்டும் இல்லை. தன் பேரில் நிற்க ஓர் இடம். அது இருப்பவர் எங்கேயும் போகலாம், திரும்பியும் வரலாம்.

என் பிரச்சினையும் இங்கேதான் மாட்டிக்கொண்டிருக்கிறது. அம்மா பால் வெட்டப் போவது இன்னும் ரெண்டு வருஷம்தான். தம்பி தோட்டத்தில் பேர் பதியவில்லை, டவுனில் ஒரு கராஜில் நிற்கிறான். வீட்டில் தோட்ட வேலை செய்ய யாருமில்லை என்றால் காம்பராவைக் கேட்பார்களோ என்று அம்மாவுக்குப் பயம். காணி கொடுப்பதாக ஏழு பேர்ச், பத்து பேர்ச் என்று ஒவ்வொரு ஆட்சியிலும் பேச்சு வருகிறது. கொடுக்கிற நாளில் லிஸ்டில் நாலு பேர் இருக்கிற குடும்பமா, ரெண்டு பேர் இருக்கிற குடும்பமா என்று பார்ப்பார்கள் என்பது அம்மாவின் கணக்கு.

"நீ பேரைக் கொழும்புக்கு மாத்திட்டா இந்த வீட்டுல ஒரு ஆளு கொறஞ்சிரும் புள்ள. நாளைக்கு ஒனக்குத் திரும்பி வர எடம் வேணாமா?"

அம்மாவின் கணக்கு சட்டப்படி சரியா என்று எனக்குத் தெரிந்த ஒரு சட்டத்தரணி அக்காவிடம் கேட்டேன். அப்படி எதுவும் எழுதப்பட்ட விதி இல்லை என்றார். அம்மாவிடம் சொன்னேன். "எழுதாததுதான் இங்க நடக்குது" என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

கடைசியில் பேரை மாற்றவில்லை. வேலைக்கான சான்றிதழை ஊரிலேயே எடுத்தேன், மூன்று தடவை லீவு போட்டுவிட்டு வந்து. கம்பனி விண்ணப்பத்தில் ரெண்டு கட்டம் இருந்தது: நிரந்தர முகவரி, தற்காலிக முகவரி. நிரந்தரம் என்ற கட்டத்தில், எங்களுக்குச் சொந்தமே இல்லாத, நாளைக்குக் கேட்டால் கொடுக்க வேண்டிய ஒரு காம்பராவை எழுதினேன். தற்காலிகம் என்ற கட்டத்தில், மாசம் தவறாமல் நான் வாடகை கட்டும் ரூமை எழுதினேன்.

இனி கிளம்பப் போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். பட்டுத் தெரிந்தவை.

வீட்டில் எல்லோருடைய பிறப்புப் பத்திரத்தையும் அடையாள அட்டையையும் ஒன்றாக வைத்துப் பேர்களை எழுத்து எழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்க. என் அப்பாவின் பேர் சிங்களத்தில் ஒரு மாதிரி, தமிழில் ஒரு மாதிரி, ஆங்கிலத்தில் வேறு மாதிரி. கொழும்பில் இருந்துகொண்டு அதைத் திருத்துவது நரகம். ஊரில் இருக்கும்போதே திருத்திவிடுங்க.

தம்பி தங்கச்சிமார் ஸ்கூலில் இருக்கும்போதே அதிபர் மூலமாக அடையாள அட்டைக்குப் போட்டுவிடுங்க. ஸ்கூலை விட்டு விலகினால் மறுபடி தோட்டத்து ஆபீஸ் வாசல்தான்.

ரூம் பார்க்கும்போது வாடகையைக் கேட்பதற்கு முன்னால், என் பேருக்குக் கடிதம் வரலாமா, என் பேரைப் பதியலாமா என்று கேளுங்க. இது அக்காவின் பாடம். இல்லையென்றால் எடுக்க வேண்டாம் என்று சொல்லமாட்டேன், எங்களுக்கு அவ்வளவு வசதி இல்லை. ஆனால் தெரிந்துகொண்டு எடுங்க.

புதிய இடத்தில் பேர் ஏறுவது உறுதியாகும் வரை பழைய இடத்தில் நீக்காதீங்க. ரெண்டு இடத்திலும் இல்லாமல் போவதுதான் மோசம்.

முக்கியமான கடிதங்களுக்கு டவுனில் தெரிந்த ஒரு கடையின் முகவரியைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்க. எனக்கு இப்போது மொனராகலை டவுனில் ஒரு சில்லறைக் கடை அண்ணன் உதவுகிறார். கடிதம் வந்த அன்றைக்கே போட்டோ எடுத்து அனுப்பிவிடுவார்.

போன வாரம் அக்கா ஒரு படம் அனுப்பினார். அவருடைய வீட்டுக் கதவு. தபால் போடும் ஓட்டைக்கு மேலே ஒரு சின்னத் தகட்டில் அவர் பேரும் பெரியப்பா பேரும் இருந்தன. பெரியப்பா பேர் தாத்தாவின் அட்டையில் இருந்த அதே எழுத்துக்கூட்டலில் இருந்தது. அம்மாவுக்குக் காட்டினேன். போனை வாங்கிப் பெரிதாக்கிப் பார்த்தார்.

"இது அவளோட சொந்த வீடா?"

"இல்லம்மா, வாடகைதான்."

"வாடகைன்னாலும் பேரு போட்டுக்கிட்டாளே" என்று சொல்லிவிட்டு, பால் வாளியை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.